சீனியம்மாள் மாட்டிய இஞ்சின்

கூத்தன்பாறையில் ஒருவர் ‘மேலே போய்விட்டார்’ என்றால் செத்துவிட்டார் என்று அர்த்தம். ‘மேலே இருக்கிறார்’ என்றால் அது பால்வண்ணன் ஒருவரைத்தான் குறிக்கும். எழுபத்தொன்றாம் வருஷம் தை மாசம் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் ஏரோப்ளேனை எடுத்துக்கொண்டு ஏறிய அந்த மனிதர் அன்று மத்தியானம் இறங்கவில்லை, மறுநாள் இறங்கவில்லை, மாசி பங்குனி போய்ச் சித்திரை வெயில் வந்தும் இறங்கவில்லை. அதன்பிறகும் பதினொரு வருஷம், கூத்தன்பாறையிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் ஆலங்கிணறு வரை போய்த் திரும்பும் ஒரு பெரிய வட்டத்தில், சுற்றுக்கு இருபத்திரண்டு நிமிஷமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி சீனியம்மாள் அந்தப் பதினொரு வருஷமும் கீழே இருந்தாள். அந்த ப்ளேனுக்குப் புது இஞ்சின் மாட்டியவள் அவள்தான்.

அந்த ப்ளேன் சண்டைக் காலத்தில் செய்தது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி மஞ்சள் வண்ணம் பூசிய, முன்னும் பின்னுமாக ரெண்டே ரெண்டு சீட்டுள்ள வண்டி. பட்டணத்தில் இழுத்து மூடப்பட்ட ஒரு பறக்கும் கிளப்பிலிருந்து அதை ஏலத்தில் எடுத்தவர் தீப்பெட்டி ஆபீஸ் வெள்ளச்சாமி முதலாளி. ஊருக்கு மேற்கே வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் சும்மா கிடந்தது; அதில் ப்ளேனை ஓட்டி, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தன் தீப்பெட்டிக்கு நோட்டீஸ் போடலாம் என்பது அவர் யோசனை. யானையை வாங்கினால் பாகனும் கூடவே வருவதுபோல ப்ளேனோடு வந்தவர் பால்வண்ணன். அவர் முதல்முதலாக வந்து இறங்கிய அன்று வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கையெல்லாம் கிரீஸோடு நின்ற ஒரு பெண் மட்டும், “மூணாவது சிலிண்டர் அடிக்கல” என்று சொன்னாள். பால்வண்ணன் சிரித்தார். மூடியைத் திறந்து பார்த்தார். அடிக்கவில்லைதான்.

அவள்தான் சீனியம்மாள். அப்பா வைத்துவிட்டுப்போன பம்புசெட் ஒர்க்‌ஷாப்பைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். நாலு காடு தள்ளி ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே யார் வீட்டுக் கிணறு, எந்த வால்வில் கோளாறு, இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அந்த ஆவணியிலேயே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது.

பழைய இஞ்சின் அறுபத்தைந்து குதிரை. ஓடுதளத்தின் கடைசியில் நிற்கிற புளியமரங்களைத் தாண்டுவதற்கு அதற்கு எதிர்க்காற்று வேண்டும், குளிர்ந்த காலை வேண்டும், பால்வண்ணன் காலையில் சாப்பிடாமல் இருக்க வேண்டும். “இத வச்சுக்கிட்டு நான் எங்க பறக்கேன் சீனி, தாண்டுதேன்” என்பார் அவர். முதலாளிக்கு நோட்டீஸ் அலுத்துவிட்டது. தீப்பெட்டியின் பேரை ஆளுயர எழுத்தில் துணியில் எழுதி ப்ளேனின் வாலில் கட்டி வானத்தில் இழுக்க வேண்டும் என்று ஆசை. அந்தத் துணியை இழுக்க அறுபத்தைந்து குதிரை காணாது. வயலுக்கு மருந்தடிக்கும்போது இறக்கை ஒடிந்து விழுந்த வேறொரு ப்ளேனின் இஞ்சின், நூற்றைம்பது குதிரை, அடிபடாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிட்டார்.

சீனியம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “எடை கூட. மூக்கு தாந்துரும். இந்த மரச்சட்டம் தாங்காது” என்றாள்.

“ஒனக்குத் தெரியாத இஞ்சினா?” என்றார் பால்வண்ணன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் செய்தாள்.

நாற்பது நாள் வேலை. இஞ்சின் உட்காரும் இரும்புக்குழாய்த் தாங்கியை நாலு விரற்கடை குட்டையாக வெட்டி மறுபடி பற்றவைத்தாள், முன்னால் இருந்த பேட்டரியைக் கழற்றி வாலுக்குக் கொண்டுபோனாள், பெட்ரோல் குழாயைப் பெரிதாக்கினாள், மரத்தாலான விசிறியை எடுத்துவிட்டு இரும்பு விசிறி மாட்டினாள், துணி இழுப்பதற்காக வாலுக்கடியில் ஒரு கொக்கி வைத்தாள், ப்ளேனை வேப்பமரத்தில் வடம் போட்டுக் கட்டி மூன்று நாள் ஓடவிட்டு நட்டுக்கு நட்டு தொட்டுப் பார்த்தாள். கடைசியாக மிச்சமிருந்தது இஞ்சினின் ரேஸைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற கம்பி. அந்தக் கம்பி இஞ்சினைப் பிடித்திருப்பது ஒரு சின்னப் பின்னில். அதைச் செருகி அதன் ரெண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். பின் கழன்றால் கம்பி விட்டுப்போகும், இஞ்சினில் உள்ள ஸ்பிரிங் ரேஸை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு குறைக்க முடியாது. அந்த வியாழக்கிழமை காலை அவள் பின்னைச் செருகி ஒரு காலை மடக்கியபோது முதலாளி மாலையும் பேண்டு வாத்தியமுமாக வந்து சேர்ந்தார். பின்னின் இன்னொரு காலை மடக்கினாளா இல்லையா என்பது அதன்பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ப்ளேன் கல்லெறி பட்ட கொக்கைப்போல விருட்டென்று கிளம்பியது. புளியமரங்களுக்கு நூறடிக்கு மேலே போனது. ஊர் கைதட்டியது. டாங்கியில் பெட்ரோல் மூன்று மணி நேரத்துக்குத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் போயிற்று, ஆறு மணி நேரம் போயிற்று, பேண்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் நின்றார்கள், ப்ளேன் ஒரே அலறலாக வந்து வந்து போனது. எதில் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது இறங்கும் என்றுதான் கேட்டார்கள், அதையும் ஒரு மாசத்துக்குப் பிறகு விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே சாப்பாட்டுக்கு வழி செய்தவள் சீனியம்மாள்தான். ஓடுதளத்தில் ரெண்டு மூங்கில் கழியை நட்டு, நடுவே கயிறு கட்டி, கயிற்றில் தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டாள். பால்வண்ணன் தாழ வந்து வாலிலிருந்த கொக்கியால் கயிற்றை அள்ளிக்கொண்டு போனார். அடுத்த சுற்றில் காலித் தூக்குச்சட்டி வேட்டித்துணியில் சுற்றி விழுந்தது. உள்ளே நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “நல்லா இருக்கேன். ரசத்துல உப்பு கம்மி.”

மறுநாள் சோற்றோடு அவள் ஒரு துண்டுச்சீட்டு வைத்தாள். “ஏன் இறங்கல? ரேஸ் கம்பி விட்டுப்போச்சா?”

பதில் அன்று வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. “ஆமா. பின் கழண்டிருச்சு. ஒம்மேல தப்பு இல்ல. யாருக்கும் நடக்கும்.”

அவள் அந்தச் சீட்டை மடித்துத் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள். தன் கைப்பிழையால் ஆகாயத்தில் மாட்டிக்கொண்ட மனிதர், அங்கிருந்தே தன்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது. ரெண்டாவது காலை மடக்கினேனா, மடக்கினேனா என்று அரைத்த மாவையே அரைப்பதுபோலப் பதினொரு வருஷம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே சமைத்தாள். ஒருநாள்கூட உப்பு குறையவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எல்லா ஊரும் எதற்கும் பழகிக்கொள்வதுபோல, முதலில் பயந்து, பிறகு பெருமைப்பட்டு, பிறகு அது இல்லாமல் ஆகாது என்கிற அளவுக்குப் பழகிக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸில் சங்கு ஊதுவதை நிறுத்தினார்கள். இருபத்தோராவது சுற்றுக்கு வேலை விட்டது. பொட்டல்பட்டி பஸ் மூன்று சுற்று நின்று கிளம்பியது. ஜாதகம் எழுதுகிறவர் ஒன்பது கிரகத்தோடு ப்ளேன் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் குறித்தார், கிழக்கே இருக்கும்போது பிறந்த பிள்ளை அரசாங்க வேலைக்குப் போகும் என்று நம்பினார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் வெளியூருக்குப் போனால் அமைதி தாங்காமல் அழுதன. குடும்ப அட்டையில் பால்வண்ணன் பேரை அடிக்க வந்த அதிகாரி, உச்சந்தலைக்கு நேரே சத்தம் கேட்டதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லைசென்சைப் புதுப்பிக்கவில்லை என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அதை அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், கொண்டுவந்தவர் நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, திரும்பிப்போனார். தேர்தலின்போது ஓட்டுச்சீட்டைத் தூக்குச்சட்டியில் வைத்து அனுப்பினார்கள். அவர் ரெண்டு சின்னத்திலும் குத்தி அனுப்பியிருந்தார்.

முதலாளிக்குத் துணியில் பேர் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ப்ளேன் படம் போட்ட தீப்பெட்டி விந்தியத்துக்கு அப்பாலும் விற்றது. சீனியம்மாள் வீட்டுக்கு மாசாமாசம் அரிசியும் பருப்பும் ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கியது.

அவளை என்ன செய்வது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை. அவளுக்குக் குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்று வளைகாப்பு வீடுகளில் ஒரு வருஷம் குசுகுசுத்தார்கள். பிறகு, புருஷன் எப்போதும் தலைக்கு மேலேயே இருக்கிறவளைவிட யார் சுமங்கலி என்று யாரோ சொல்ல, கல்யாணப் பெண்களை அவளிடம் கூட்டிவந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். ஆனால் பம்புசெட்டை யாரும் அவளிடம் கொண்டுவரவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத ஆளை, ஓட ஆரம்பித்தால் நிற்காத மாட்டை, “சீனியம்மா மாட்டுன இஞ்சின்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்பின் கதவில் கறையான் ஏறியது. காலையில் எட்டரைக்கு ஓடுதளத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, முழு ரேஸில் அலறிக்கொண்டு வரும் தன் இஞ்சினைக் கேட்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய தொழில். இத்தனை வருஷம் இந்த ஓட்டம் ஓடியும் ஒரு வால்வுகூடத் தளரவில்லையே என்று அவளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவும் வெட்கப்படுவாள்.

பதினோராம் வருஷம் கார்த்திகையில், ஆலங்கிணற்றில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய அக்கா செத்துப்போனாள். தூக்குச்சட்டி கட்ட வேண்டும் என்பதற்காக அக்காவின் பிள்ளைகளுடைய கல்யாணத்துக்குக்கூடப் போகாதவள் சீனியம்மாள். பக்கத்து வீட்டுக் குருவம்மா, “போயிட்டு வாங்க மதினி. ஒரு நாள் நான் கட்டுதேன்” என்றாள். சொல்லும்போது குருவம்மாவின் முகம் ஒரு மாதிரியாக இருந்ததைச் சீனியம்மாள் சாவுச்செய்தியின் வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆலங்கிணற்றில் அக்காவைக் கிடத்தியிருந்த பந்தலில் பெண்களோடு கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. முதலில் அவளுக்கு அது தன் இஞ்சின் என்று தெரியவில்லை. வயிறு நிறைந்த பூனை உறுமுவதுபோல, ரேஸ் இறங்கி, காற்றில் சாய்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல் வந்தது. கண்மாய்க்கு மேலே வந்ததும் இன்னும் குறைந்து கிட்டத்தட்ட அணைந்தே போனது. விசிறி நின்று நின்று சுற்றும் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆண்குரல் பாடுவது கேட்டது. பிறகு மெதுவாக ரேஸ் ஏறி, வயலின் மேலே போய், மறுபடி இறங்கியது.

சீனியம்மாள் அழுகையை நிறுத்தினாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த அம்மாளின் கையைப் பிடித்து, “இது எப்பவும் இப்பிடித்தானா?” என்று கேட்டாள்.

அந்த அம்மாளுக்கு இவள் யார் என்று தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு, “இங்க எப்பவும் இப்பிடித்தான் தாயி. கண்மாய்க்கு வந்துட்டா ஒரு பாட்டு. பிள்ளைகளுக்குக் கை காட்டுவாரு. ஒத்தப்பனை தாண்டிக் கூத்தன்பாறைப் பக்கம் போகையிலதான் அந்த முறுக்கு முறுக்குவாரு. அங்க பொண்டாட்டி இருக்காளாம்லா” என்றாள்.

பின் கழன்ற இஞ்சினில் ரேஸ் குறையாது. ரேஸ் குறைகிறதென்றால் கம்பி பிடித்திருக்கிறது, பின் இருக்கிறது, பின்னின் ரெண்டு காலும் மடங்கியிருக்கின்றன. அவள் மடக்கியிருக்கிறாள். பதினொரு வருஷமாக அவள் தப்பு செய்யவில்லை என்பதும், பதினொரு வருஷமாக அவர் இறங்க நினைக்கவில்லை என்பதும் அவளுக்கு ஒரே சத்தத்தில் தெரிந்தது. அதன்பிறகு அக்காவுக்காகக்கூட அவளுக்கு அழுகை வரவில்லை. பாவம், உறைந்துபோய்விட்டாள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே குருவம்மா வீட்டுக்குத்தான் போனாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

குருவம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “எல்லாத்துக்கும் தெரியும் மதினி. ஆலங்கிணத்துல இருந்து தெனமும் நாப்பது பிள்ளைக தீப்பெட்டி ஆபீசுக்கு வருதே, அதுக சொல்லாமலா இருக்கும்? முதலாளிக்குத் தெரியும், ஜோசியருக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போயிருவீங்கன்னுதான் யாரும் வாயத் தொறக்கல.”

“எத்தன வருசமா?”

“மொத வருசத்துல இருந்தே” என்று சொல்லிவிட்டுக் குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சீனியம்மாள் அவளை அழவிட்டுவிட்டு முதலாளியிடம் போனாள். அவர் இப்போது கண் மங்கி, சக்கரை வியாதி வந்து, சாய்வுநாற்காலியில் கிடந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “இப்ப என்ன செய்யணுங்கே?” என்றார்.

“எறங்கச் சொல்லுங்க.”

“எறங்கி? இந்த ஊரு அதுலதான் சோறு திங்குது சீனியம்மா. ஒம்மேல யாரும் ஒண்ணும் குத்தம் சொல்லலியே.”

“பதினோரு வருசமாச் சொல்லுதீக.”

“அது சும்மா ஒரு பேச்சு” என்றார் முதலாளி.

அன்றைக்குச் சோற்றோடு அவள் சீட்டு வைத்தாள். “ஆலங்கிணத்துல நின்னு கேட்டேன்.” அவ்வளவுதான் எழுதினாள். ப்ளேன் கயிற்றை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சுற்று வரும்போது அலறல் இல்லை. கூத்தன்பாறை முதல்முறையாக அந்த இஞ்சினின் உண்மையான குரலைக் கேட்டது. பூனை உறுமலாக, வெட்கம் கெட்ட சாவதானத்தோடு தலைக்கு மேலே மிதந்து வந்து, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டுப் போனது. சீட்டில் மூன்று வார்த்தை இருந்தது: “எறங்கி என்ன செய்ய?”

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை, கேலியாகவும் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்ட கேள்வியைப்போல இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. தாலிக்கயிற்றில் முடிந்திருந்த பழைய சீட்டை அவிழ்த்து, புதியதையும் அதோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். அன்று ராத்திரி அடுப்பு எரிந்தது அதற்கு மட்டும்தான்.

மறுநாள் அவள் சமைக்கவில்லை. எட்டரைக்கு ப்ளேன் வந்தது, கயிறு இல்லை, போனது. அடுத்த சுற்றுக்குள் தகவல் தெருத்தெருவாகப் பரவியது. குருவம்மா முதலில் ஒரு தூக்குச்சட்டியோடு ஓடினாள். மூன்றாம் நாளுக்குள், எந்த நாள் எந்தத் தெரு என்று முறை வைத்துவிட்டார்கள். வடக்குத் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கறி வைத்தார்கள். தன் கைச்சோறு இல்லாவிட்டால் அவர் இறங்கிவிடுவார் என்று சீனியம்மாள் ஒரு ரெண்டு நாள் நம்பியிருந்தாள். நாலாவது நாள் ஒர்க்‌ஷாப்பின் கறையான் ஏறிய கதவை உதைத்துத் திறந்து, துருப்பிடிக்காத ஸ்பானர்களை மட்டும் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் வழக்கம்போல மூன்று சுற்று நின்றுதான் கிளம்பியது.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாகக் கிடந்தன. அங்கே உப்புத்தண்ணீரை இறைத்து இறைத்து இஞ்சின்கள் அரித்துச் செத்துக்கொண்டிருந்தன. எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஓடாமல் கிடந்த ஒன்றை அவள் ஓடவைத்தாள், அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேஸ்திரி அந்தோணிராஜ் தகரக்கொட்டகை ஒன்றை ஒழித்துக்கொடுத்தார். தலைக்கு மேலே ஒன்றும் இல்லாத வானம் அவளுக்குப் பழக ஒரு மாசம் ஆனது.

வைகாசியில் ஒரு நாள், உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பலகைகளை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள். சீனியம்மாள் அதற்கு முன்பே கேட்டுவிட்டாள். நாலு அடிக்கு ஒரு அடி விட்டுப்போயிருந்தது. நாலாவது சிலிண்டர், புகைபோக்கிப் பக்கத்து வால்வு, உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது, ஆடி முடியத் தாங்கும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் ப்ளேன் உப்பளத்தை ஒரு வட்டம் சுற்றித் தூக்குச்சட்டியைப் போட்டது. உப்பு லாரிக்காரர் யாரோ சொல்லி, அவள் இருக்கும் இடத்தை ஊர் சோற்றோடு எழுதி அனுப்பியிருக்க வேண்டும். நலம் விசாரித்து ஒரு எழுத்து இல்லை. “இஞ்சின் சத்தம் சரியில்ல. என்னன்னு சொல்லு.”

அவள் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்: “எறங்குனாத்தான் பாக்க முடியும்.” ரெண்டு ஆட்கள் உப்பு வாரும் பலகைகளை உயர்த்திப் பிடிக்க, நடுவே கயிற்றைக் கட்டி, சீட்டைத் தூக்குச்சட்டியில் வைத்துத் தொங்கவிட்டாள்.

உப்பளத்தின் நடுவே லாரி போகிற பாதை நேராக, கெட்டியாக, ஒரு மைல் நீளத்துக்குக் கிடந்தது. பால்வண்ணன் சீட்டை அள்ளிக்கொண்டு போய், படித்து, திரும்பி, அந்தப் பாதைக்கு நேராக வந்தார். ரேஸ் குறைந்தது. சக்கரம் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். இத்தனை காலமும் மெலிந்து காய்ந்துபோன ஒரு மனிதரைத்தான் அவள் மனசில் வைத்திருந்தாள். அவர் கொழுத்திருந்தார். கன்னம் தொங்கியது. அவள் ஆக்கிப்போட்ட சோறெல்லாம் அவர் கழுத்தடியில் சேர்ந்து கிடந்தது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் கையை விடச் சொன்ன மாதிரி அவர் தரையைப் பார்த்தார். ரேஸ் ஏறியது. ப்ளேன் எழும்பி, நாலில் ஒன்று விட்டு அடித்துக்கொண்டு, வடமேற்கே போய்விட்டது.

“யாரு சீனியக்கா அது?” என்றார் மேஸ்திரி.

“இஞ்சின் வேலைக்கு வந்தவரு. நிக்க முடியாதாம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆடியோடு இஞ்சின் நின்றுவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆவணி இருபது வரைக்கும் ஓடியது. தகவலைக் கொண்டுவந்தவர் உப்பு ஏற்றும் லாரிக்காரர். காலை பத்து மணிக்கு ஊரே அண்ணாந்து பார்த்ததாம், சத்தத்தைக் கேட்டு இல்லை, சத்தம் நின்றதைக் கேட்டு. ப்ளேன் காய்ந்த இலைபோல வந்து ஓடுதளத்துக்குத் தள்ளி உடைமுள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டதாம். ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முதல் நாள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒரு வாரத்தில் யாரும் பக்கத்தில் போவதில்லையாம். ஆபீஸில் எப்போது வேலை விடுவது என்று தெரியாமல் சண்டை நடக்கிறதாம், பிள்ளைகள் தூங்குவதில்லையாம், ஆளைப் பார்த்தாலே பெண்கள் காறித் துப்புகிறார்களாம். நடக்க வராமல் ப்ளேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

“இஞ்சின் எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

“அது கெடக்கு, அப்பிடியே.”

“லாரிய நாளைக்குக் காலைல எடுங்க.”

கூத்தன்பாறையில் அவள் வந்து இறங்கியதைப் பார்த்து ஒரு கூட்டம் கூடியது. குருவம்மா ஓடிவந்து, “சரிபண்ணி மேல ஏத்தி விட்டுருங்க மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சீனியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு முள்ளுக்குள் போனாள். பால்வண்ணன் ப்ளேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா. நாலாவது சிலிண்டர்தான?”

அவள் ஸ்பானரை எடுத்தாள். பெட்ரோல் குழாயைக் கழற்றினாள், கம்பிகளை விடுவித்தாள், விசிறியை இறக்கினாள், லாரிக்காரர் ப்ளேனுக்கு மேலே மூன்று கழிகளை முக்காலிபோல நிறுத்திச் சங்கிலி போட்டுத் தாங்கிப் பிடிக்க, நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். வெயில் ஏறி இறங்கியது. பால்வண்ணன் பக்கத்திலேயே இருந்து, வால்வு மாற்ற எத்தனை நாள், திரும்ப எப்போது மாட்டுவாய், இந்தத் தடவை விசிறியைக் கொஞ்சம் சின்னதாகப் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. நூற்றைம்பது குதிரையும் லாரியில் ஏறி, கயிறு போட்டு இறுக்கிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“இது இனிமே உப்புத்தண்ணி எறைக்கும்.”

அவருக்குப் புரிய நேரம் ஆனது. ப்ளேனைப் பார்த்தார், இஞ்சின் இருந்த இடத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அப்ப நான்?”

“எறங்கியாச்சுல்ல” என்றாள் சீனியம்மாள். “நடந்து பழகுங்க.”

லாரி கிளம்பியது. கண்ணாடியில் அவர் எழுந்திருப்பது தெரிந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையை விட்டார், நாலு அடி வைத்தார், அஞ்சாவது அடியில் முள்ளுக்குள் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட யாரும் போகவில்லை. கூட்டம் முழுக்கக் கழுத்தை அண்ணாந்து, ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.